சொர்க்கத்தின் மேல்தட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் தோன்றிய மார்மன் என்ற கிறிஸ்தவச் சபையின் ஆலயங்களில் கல்யாணத்துக்கென்றே தனி அறை உண்டு. நடுவில் மெத்தை தைத்த பீடம். மணமக்கள் இருபுறமும் மண்டியிட்டு அதன்மேல் கைகோத்துக்கொள்வார்கள். எதிரெதிர்ச் சுவர்களில் பெரிய கண்ணாடிகள். ஒன்றுக்குள் ஒன்றாகப் பிம்பம் போய்க்கொண்டே இருக்கும். 'சாகும்வரை' என்ற பேச்சே அந்தச் சடங்கில் கிடையாது. நித்தியத்துக்கும் கட்டிவைக்கிறார்கள். இதன் பெயர் முத்திரித்தல்.

ஒருபால் திருமணத்தை இந்தச் சபை ஏன் ஏற்பதில்லை என்பதற்கான விடை அந்த அறைக்குள்தான் இருக்கிறது. அவர்களது வேதநூல்களில் ஒன்றான 'கோட்பாடும் உடன்படிக்கைகளும்' 131-ஆம் பிரிவு, மிக உயர்ந்த சொர்க்கத்திலும் 3 தட்டுகள் உண்டு, மேல்தட்டுக்குப் போக இந்தத் திருமணம் வேண்டும் என்கிறது. அங்கே சேர்ந்தவர்களுக்குச் சந்ததி தொடரும் என்கிறது 132. கடவுளுக்கே துணையாகப் பரலோகத் தாய் உண்டு என்றும் நம்புகிறார்கள். ஆணும் பெண்ணுமாக ஜோடி சேராவிட்டால் இந்த ஏணிக்குக் கடைசிப் படி இல்லை. தன்பால் ஈர்ப்பு பாவமல்ல, உறவுதான் பாவம் என்று சபை சொல்வதும் இதனால்தான்.

மாறுமா? மாறும் என்பவர்கள் 2 ஆண்டுகளைக் காட்டுவார்கள். 1890-இல் பலதார மணத்தைக் கைவிட்டார்கள். 1978-இல் கறுப்பின ஆண்களுக்கு, அதுவரை மறுத்துவந்த ஆசாரியத்துவத்தை, அதாவது சடங்கு நடத்தும் அதிகாரத்தை, கொடுத்தார்கள். இந்த ஒப்பீடு பாதிதான் பொருந்தும் என்பது என் கணிப்பு. 1890-இல் நின்றது நடைமுறை மட்டுமே. பலதார மணத்தைப் பேசும் அதே 132-ஆம் பிரிவு இன்றும் வேதத்தில் அப்படியே இருக்கிறது. மனைவியை இழந்தவர் இன்னொரு பெண்ணோடும் முத்திரிக்கப்படலாம். 1978 விஷயத்தில், தடை ஒருநாள் நீங்கும் என்று பழைய தலைவர்களே சொல்லிவைத்திருந்தார்கள். ஒருபால் திருமணத்துக்கு அப்படியொரு வாக்கு யாரும் கொடுத்ததில்லை.

நடைமுறை விதிகளோ சட்டென்று மாறும். 2015 நவம்பரில், ஒருபால் திருமணம் செய்தவர்கள் விசுவாசத் துரோகிகள், அவர்களோடு வாழும் பிள்ளைகளுக்கு 18 வயதுக்கு முன் ஞானஸ்நானம் இல்லை என்று விதி வந்தது. 2019 ஏப்ரலில் அதைத் திரும்பப் பெற்றார்கள். துரோகம் என்ற சொல் போயிற்று; கடும் மீறல் என்பது நின்றது. நாட்டுச் சட்டத்திலும் இப்படித்தான். 2008-இல் கலிஃபோர்னியாவில் ஒருபால் திருமணத்தைத் தடுக்கப் பணமும் ஆளும் திரட்டியவர்கள், 2022-இல் ஒருபால் திருமணத்தை அங்கீகரித்து, மதச் சுதந்திரப் பாதுகாப்போடு வந்த அமெரிக்க மத்தியச் சட்டத்தை ஆதரித்தார்கள். கோட்பாடு இம்மியும் நகரவில்லை என்று கூடவே சொல்லிக்கொண்டார்கள்.

கோட்பாட்டில் கைவைக்க, பிரதான தலைமையில் 3 பேர், அப்போஸ்தலர்கள் 12 பேர், ஆக 15 பேரும் ஒருமனப்பட வேண்டும். எல்லோருக்கும் ஆயுட்காலப் பதவி. தலைவர் இறந்தால் மூத்த அப்போஸ்தலர் தலைவராவார். 2025 அக்டோபரில் அப்படி வந்த டாலின் ஓக்ஸுக்கு அப்போது வயது 93. நீதிபதியாக இருந்தவர், ஆண்-பெண் திருமணத்தை வலியுறுத்தும் 1995 குடும்பப் பிரகடனத்துக்காகப் பல்லாண்டுகளாக வாதாடி வருபவர். அவர் காலத்தில் பெரிய திருப்பத்தை நான் எதிர்பார்க்கவில்லை. என்றாவது தளர்ந்தால், பதிவுத் திருமணம் செய்த ஒருபால் தம்பதியரை உறுப்பினராக வைத்துக்கொண்டு, முத்திரித்தலை மட்டும் மறுப்பதே முதல் படியாக இருக்கும்.

கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. 1890, 1978 அறிவிப்புகள் பொது மாநாட்டில் கைதூக்கி ஏற்கப்பட்டு வேதநூலில் அச்சாகியிருக்கின்றன. குடும்பப் பிரகடனம் 30 ஆண்டுகள் கழிந்தும் அதில் சேர்க்கப்படவில்லை. ஏப்ரலிலும் அக்டோபரிலும் மாநாடு கூடும்போது நான் முதலில் பார்ப்பது அதைத்தான். அதை வேதத்தில் சேர்த்துவிட்டால், பிறகு வருகிற எந்தத் தலைவருக்கும் திரும்பிவர வழி மிகக் குறுகிவிடும்.

வணக்கம்.