அணைக்கத் தெரிந்தால் ஓட்டலாம்

வணக்கம் நேயர்களே.

பொதுத்தடங்களில் ஏடிவி ஓட்டுவது பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். தடித்த டயரும் ஹேண்டில்பாரும் கொண்ட அந்த நாலு சக்கர வண்டியைத்தான் சொல்கிறேன். நான் ஓட்டுவதைவிட எஞ்சினை அணைப்பதைப் பற்றித்தான் அதிகம் பேசுவேன். அதற்குக் காரணம் ஒரு குதிரை.

நடப்பவர், சைக்கிள்காரர், குதிரையில் வருபவர், நாங்கள் என்று எல்லாருக்கும் பொதுவான மண்தடம் அது. ஒரு வளைவில் திரும்பினால், முப்பதடி தள்ளிப் பழுப்புக் குதிரை ஒன்று. அதன் மேல் ஒரு பெண்மணி. நான் ஓரங்கட்டி, எஞ்சினை ஓடவிட்டபடியே நின்றேன். மரியாதையாக நடந்துகொண்டதாகத்தான் நினைப்பு. குதிரையின் காதுகள் இரண்டும் என் பக்கம் விறைத்து நின்றன. பின்னங்கால்கள் சரளையைச் சிதறடித்தன. அந்தம்மா கடிவாளத்தை இழுத்துப் பிடித்தபடி ஏதோ கத்தினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வண்டியை அணைத்து ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகுதான், "பேசுங்க, ஏதாவது பேசுங்க" என்பது காதில் விழுந்தது. திடீரென்று என்ன பேசுவது? "வணக்கம், நல்ல வெயில்" என்றேன். குதிரை மூக்கால் நீளமாக ஒரு மூச்சு விட்டது. காதுகள் தளர்ந்தன.

குதிரை வேட்டையாடப்பட்டே பழகிய இனம். உருண்டைத் தலையோடு உறுமிக்கொண்டு வரும் ஒன்று அதன் கணக்கில் மனிதன் கிடையாது. குரல் கேட்டால்தான் ஆள் என்று அதற்குப் புரியும். சரிவான இடமென்றால் பள்ளப் பக்கமாக ஒதுங்கச் சொல்வார்கள். மிரண்ட குதிரை பெரும்பாலும் மேட்டைப் பார்த்துத்தான் பாயும். மேட்டில் நாம் நின்றால் பதுங்கியிருக்கும் விலங்குபோலவும் தெரிவோம்.

அன்றைக்கு என்னை உறுத்தியது இன்னொன்று. நான் வருவது அந்தம்மாவுக்கு வெகுதூரத்திலேயே கேட்டிருக்கும். எனக்கோ, பக்கத்தில் நின்று அவர் கத்தியதுகூடக் கேட்கவில்லை. அந்தத் தடத்திலேயே சரியாகக் காது கேட்காத ஒரே ஆள் நான்தான். மோட்டார் வண்டிதான் எல்லாருக்கும் வழிவிட வேண்டும் என்று பொதுத்தடங்களில் விதி இருப்பதை ஏதோ ஓரவஞ்சனை என்று சில நண்பர்கள் முணுமுணுப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேட்காதவன்தானே பார்த்து வர வேண்டும்?

வேகத்தைப் பற்றி ஒரே வரி: முன்னால் எவ்வளவு தூரம் தெரிகிறதோ, அதில் பாதிக்குள் நிற்க முடிகிற வேகம். மீதிப் பாதி எதிரே வருபவருக்கு.

சரி, மண்ணுக்கு வருவோம். ஏடிவி டயரில் காற்று மிகக் குறைவு. பல வண்டிகளில் ஐந்து பிஎஸ்ஐ அளவுதான். கார் டயரில் முப்பதுக்கு மேல். அதனால் டயர் பரந்து அமர்ந்து, மண்ணில் மெதுவாகத்தான் அழுத்தும். நேராகப் போகும்வரை தடத்துக்குப் பெரிய சேதமில்லை. திரும்பும்போதுதான் வினை. பல வண்டிகளில் பின்சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் இறுகியிருக்கும். வளைவில் உள்சக்கரம் குறைவாகச் சுற்ற வேண்டும், ஆனால் அச்சு விடாது. ஆகவே அது தரையைப் பிறாண்டிக்கொண்டே திரும்பும். அதில் கட்டைவிரலால் ஆக்ஸிலரேட்டரை வேறு அழுத்தினால், மண் வாரி இறைக்கும். பார்க்க அழகாக இருக்கும், மறுக்கவில்லை. அங்கே குழி விழும், மழையில் தண்ணீர் தேங்கும். அடுத்து வருகிறவர் சேற்றுக்குப் பயந்து புல்மேல் சுற்றிப் போவார். அவருக்கு அடுத்தவர் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போவார். நாலடித் தடம் இப்படித்தான் பன்னிரண்டடிச் சேறாகிறது. ஆழமில்லாத குட்டை என்றால் நடுவிலேயே மெதுவாகப் போய்விடுங்கள். வண்டி நனைவதால் ஒன்றும் ஆகிவிடாது, கழுவிக்கொள்ளலாம். தடம் முழுக்க ஊறிக் கிடக்கிறதா, அன்றைக்கு வீட்டிலேயே இருங்கள். வண்டி நனைவதால் ஒன்றும் ஆகிவிடாது, கழுவிக்கொள்ளலாம்.

புழுதி இன்னொரு தொல்லை. நடப்பவரைக் கடந்ததும் சிலர் விர்ரென்று முறுக்குவார்கள். பின்னால் அவர் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பது கண்ணாடி இல்லாத வண்டியில் தெரியாது. ஒருமுறை நடந்துபோய்ப் பாருங்கள், தெரியும்.

கடைசியாக, கூட்டமாகப் போகிறவர்களுக்கு ஒரு சைகை. எதிரே ஆள் வந்தால், நமக்குப் பின்னால் எத்தனை வண்டி வருகிறதோ அத்தனை விரலைக் காட்ட வேண்டும். மூன்று வண்டி என்றால் மூன்று விரல். அடுத்தவர் இரண்டு, அதற்கடுத்தவர் ஒன்று. கடைசியாக வருபவர் கையை மூடிக் காட்டுவார். ஆனால் விரல் காட்டுவதற்காக வளைவிலோ மேட்டிலோ ஹேண்டில்பாரை விட்டுவிடாதீர்கள். நின்று, வாயால் சொன்னால் போதும். ஓரத்தில் குழந்தையின் கையைப் பிடித்து நிற்பவருக்கு, தடத்தில் மறுபடி கால் வைக்கலாமா என்று தெரிவது அந்த மூடிய கையைப் பார்த்துத்தான்.

நன்றி, வணக்கம்.