அடைக்கோழியும் நாய்க்குட்டியும்

நேயர்களுக்கு வணக்கம். கால்நடை ஆய்வாளரா இருந்து ஓய்வு பெற்றவ நான். வேடசந்தூர் பக்கம் எங்க வீடு. கொல்லையில எப்பவும் 20, 25 நாட்டுக்கோழி மேயும். வாசல்ல ஒரு நாய், அடுப்படியில ஒரு பூனை. மூணையும் ஒரே வீட்டுல எப்படி வச்சிருக்கீங்கன்னு வர்றவங்க எல்லாரும் கேட்பாங்க. இன்னைக்கு அதைத்தான் பேசப் போறேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். நாய் ஒரு கோழியைப் பிடிச்சிட்டா, "ரத்த ருசி கண்டுருச்சு, இனி வீட்டுக்கு ஆகாது"ன்னு கொண்டுபோய் எங்கேயாவது விட்டுட்டு வந்துடுறாங்க. எனக்கு மனசு ஆறவே ஆறாது. வயிறு நிறையத் தின்ன நாயும் கோழியை விரட்டும். கோழி படபடன்னு சிறகடிச்சு ஓடுதில்லையா, அந்த ஓட்டம்தான் அதை இழுக்குது. சிப்பிப்பாறை, கன்னி மாதிரி முயல் வேட்டைக்குன்னு வளர்த்த சாதிகளுக்கு இந்த இழுப்பு இன்னும் கூட. அரை மணி நேரம் கழிச்சுக் கட்டி வச்சு அடிச்சா, எதுக்கு அடி வாங்குறோம்னே அதுக்குத் தெரியாது. உங்களைக் கண்டா பயப்படும், அவ்வளவுதான். மறுநாள் நீங்க இல்லாத நேரம் பார்த்துத் திரும்ப விரட்டும்.

அப்ப யாருதான் சொல்லிக் கொடுக்கிறது? அடைக்கோழி சொல்லிக் கொடுக்கும். இதைத்தான் நான் போற இடமெல்லாம் சொல்லிக்கிட்டிருக்கேன்.

எங்க வீட்டுல செவலைன்னு ஒரு நாய் இருந்தான். ரெண்டு மாசக் குட்டியா வந்தவன். அவன் வந்த வாரம், புள்ளிப் பெட்டை ஒண்ணு 12 முட்டையில 10 குஞ்சு பொரிச்சு, 21 நாள் அடை முடிஞ்சு இறங்கியிருந்துச்சு. நான் பஞ்சாரத்தை, அதான் கோழியையும் குஞ்சையும் கவுத்து மூடி வைக்கிற கூடையைத் தூக்கினேன். குஞ்சுங்க பஞ்சு உருண்டை மாதிரி சிதறுச்சுங்க. ஒரு குஞ்சு என்ன எடை இருக்கும்? 30, 35 கிராம். செவலை காதைத் தூக்கிக்கிட்டு, முன்னங்காலைத் தாழ்த்தி விளையாடக் கூப்பிட்டுக்கிட்டே வந்தான். பெட்டை ஒரு சத்தமும் போடல. உடம்பெல்லாம் சிலிர்த்து, ரெண்டு றெக்கையையும் தரையில உரசுற மாதிரி விரிச்சு, ஒரே தாவு. மூக்கு நுனியில ஒரு கொத்து. குட்டி வீல்னு கத்திக்கிட்டு ஆட்டுக்கல்லுக்குப் பின்னால போய் ஒடுங்கிட்டான். மூக்குல மிளகளவு ரத்தம். நான் தூக்கிக் கொஞ்சல, பெட்டையையும் விரட்டல. பேசாம நின்னேன்.

சாயங்காலம் அந்தப் பெட்டை குஞ்சுகளைக் கூட்டிக்கிட்டு அவன் முன்னாடியே போச்சு. செவலை என்ன பண்ணினான் தெரியுமா? முகத்தை வேற பக்கம் திருப்பிக்கிட்டான். கோழி கடந்து போற வரைக்கும் வேப்பமரத்தையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தான். அதுக்கப்புறம் 11 வருஷம் இருந்தான், ஒரு குஞ்சைத் தொட்டதில்ல. பருந்து வட்டம் போட்டா, கோழி கொக்கரிக்கிறதுக்கு முன்னாடி அவன் வானத்தைப் பார்த்துக் குரைப்பான். குஞ்சுங்க வளர்ந்து அவன் முதுகுல ஏறி நிற்கும். அசையாம படுத்திருப்பான்.

இதுல அதிசயம் ஒண்ணும் இல்லைங்க, எல்லாம் வயசுதான். அமெரிக்காவுல ஸ்காட், ஃபுல்லர்னு ரெண்டு விஞ்ஞானிகள் வருஷக்கணக்கா நாய்க்குட்டிகளைக் கவனிச்சு 1965ல எழுதினாங்க. மூணாவது வாரத்துலருந்து ஏறக்குறைய பன்னிரண்டாவது வாரம் வரைக்கும் குட்டி எதோட பழகுதோ, அதைத்தான் தன் கூட்டத்துல ஒண்ணா எடுத்துக்கும்னு. பூனைக்குட்டிக்கு அந்தக் காலம் இன்னும் குறைவு, ரெண்டு வாரத்துலருந்து ஏழு வாரம். அதனால குட்டி வாங்குறதா இருந்தா, வீட்டுல குஞ்சோட தாய்க்கோழி இருக்கிற சமயமாப் பார்த்து வாங்குங்க. கொத்து மூக்குல விழட்டும், கண்ணுல பட்டுடாம மட்டும் பக்கத்துலயே நில்லுங்க.

வளர்ந்த நாயா வந்தா? பொறுமை வேணும். சங்கிலியைக் கையில தளர்வாப் பிடிச்சுக்கிட்டு, கோழியும் குஞ்சும் பஞ்சாரத்துக்குள்ள இருக்கும்போது பத்தடி தள்ளி உட்காருங்க. காலையில பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம். கோழியைப் பார்த்துட்டு உங்களைத் திரும்பிப் பார்க்குதா, அந்த நொடியில ஒரு துண்டு கருவாடு கொடுங்க. சில நாய் ஒரு மாசத்துல அடங்கும். சில நாய் அடங்கவே அடங்காது. கோழி மேயிற நேரம் அதைக் கட்டிப்போட்டுத்தான் வளர்க்கணும். அதுக்காக அது கெட்ட நாய் ஆயிடாது.

இன்னொண்ணு, சோத்துத் தட்டு. நான் பார்த்த வரைக்கும் பாதிச் சண்டை தட்டுலதான். நாய் சோறு தின்னும்போது கோழி வந்து கொத்தும், நாய் லபக்குனு கடிச்சிடும். கோழியைத் திறந்து விடுறதுக்கு முன்னாடியே நாய்க்குச் சோறு வச்சுத் தட்டை எடுத்துடுங்க.

பூனைக்கு வருவோம். தாய்க்கோழி கூட இருக்கிற வரைக்கும் பூனை நெருங்காது. ரெண்டு மாசம் ஆகுற சமயத்துல தாய் குஞ்சுகளைக் கொத்திப் பிரிச்சு விட்டுடும் பாருங்க, அப்பதான் ஆபத்து. காவல் போயிடுச்சு, குஞ்சோ இன்னும் சின்னது. அந்த மூணு, நாலு வாரம் வலைக்குள்ள விட்டு வளர்த்தா போதும். அதுக்கப்புறம் பூனையே ஒதுங்கிப் போகும். பூனை வேண்டாம்னு மட்டும் முடிவு பண்ணிடாதீங்க. முட்டையையும் சின்னக் குஞ்சையும் தூக்குற எலியை ராத்திரியில யார் பிடிக்கிறது?

பூனைப் பல்லு பட்ட கோழியை, "சின்னக் காயம்தானே"ன்னு மஞ்சள் வச்சு விட்டுடாதீங்க. துளை ஊசி முனையளவுதான் தெரியும், கிருமி உள்ளே இறங்கியிருக்கும். அன்னைக்கே கால்நடை மருத்துவர்கிட்டத் தூக்கிட்டுப் போங்க.

நேரம் ஆச்சுன்னு கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துலருந்து கை காட்டுறாங்க. ஒட்டுண்ணி பத்தி விரிவாச் சொல்லணும்னு எழுதி வச்சிருந்தேன், சுருக்கமாச் சொல்லிடுறேன். கோழியோட கண்ணோரம், கொண்டையில கறுப்பா ஒட்டிக்கிட்டிருக்கிற தெள்ளு, நாய்க்கும் பூனைக்கும் தாவும். கோழிக்கு மட்டும் மருந்து போட்டா திரும்ப வரும். நாயோட காது ஓரத்தையும் தடவிப் பாருங்க, மூணுக்கும் மருத்துவர்கிட்டக் கேட்டு ஒரே நாள்ல மருந்து போடுங்க. அப்புறம், நோயில செத்த கோழியை நாய்க்கோ பூனைக்கோ போடாதீங்க. பறவைக்காய்ச்சல் பூனைக்கும் வரும், வந்தா பிழைக்கிறது கஷ்டம். குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைச்சிடுங்க. வணக்கம்.