கம்பெனியைக் கூண்டில் ஏற்ற முடியுமா? நாகை இறால் பண்ணை வழக்கு

[திரையில்: நாகப்பட்டினம் கடலோரம், இறால் குட்டைகள்]

வணக்கம். 1990-களில் நாகை கடலோரத்தில் வயல்களை வெட்டி இறால் பண்ணை போட்டார்கள். குட்டைக்கு ஏற்றிய உப்புத் தண்ணீர் கசிந்து பக்கத்து நிலம் உவர்ந்தது, குடிதண்ணீர்க் கிணறும் கரித்தது. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார்.

1996 டிசம்பர் 11-ல் தீர்ப்பு வந்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள், அதாவது கடலை ஒட்டித் தொழில்களுக்கு அரசு 1991-ல் கட்டுப்பாடு போட்ட பகுதிக்குள் இருக்கும் பண்ணைகளை, பாரம்பரிய முறை தவிர, 1997 மார்ச் 31-க்குள் அகற்ற வேண்டும். கெடுத்தவரே இழப்பீடு தர வேண்டும். வேலை இழக்கும் தொழிலாளிக்கு ஆறு வருடச் சம்பளம். எல்லாமே பண்ணை முதலாளி தலையில் நேரடியாக விழுந்த உத்தரவு.

[திரையில்: ஈக்வடார் வரைபடம்]

சரி, வெளிநாட்டில் ஒரு கண்டத்து நாடுகள் சேர்ந்து அமைத்த மனித உரிமை நீதிமன்றங்கள் இருக்கின்றனவே, அவை எப்படி? ஈக்வடாரில் சரயாகு என்ற பழங்குடிக் கிராமம். ஊராரைக் கேட்காமலே அரசு ஓர் அர்ஜென்டினா எண்ணெய் கம்பெனிக்கு அனுமதி தந்தது. கம்பெனி காட்டில் சுமார் 1,400 கிலோ வெடிமருந்தைப் புதைத்தது. 2012-ல் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றத்தில் ஊர் ஜெயித்தது. ஆனால் கூண்டில் நின்றது ஈக்வடார் அரசு. கம்பெனி அங்கே பிரதிவாதியே இல்லை. அந்த நீதிமன்றத்துக்கு அடிப்படையான மனித உரிமை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவை நாடுகள், அதனால் நாடுகளைத்தான் கேட்க முடியும். கம்பெனிகளையே விசாரிக்க ஆப்பிரிக்க ஒன்றியம் 2014-ல் எழுதிய மலாபோ ஒப்பந்தம், போதிய நாடுகள் ஏற்காமல் கிடப்பில் இருக்கிறது.

அப்படியென்றால் நம் தீர்ப்புதான் உசத்தி என்று தோன்றும். எனக்கும் தோன்றியதுதான். ஆனால் 2005-ல் நாடாளுமன்றம் கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையச் சட்டம் கொண்டுவந்தது. மண்டலத் தடை இறால் பண்ணைக்குப் பொருந்தாது என்று 1991-லிருந்தே முன்தேதியிட்டு விலக்கு! தீர்ப்பு நின்ற தரையையே உருவிவிட்டார்கள். சரயாகுக்காரர்கள் தங்கள் அரசை நாட்டுக்கு வெளியே இழுத்துப்போய்க் கேள்வி கேட்டார்கள். ஆசியாவில் அப்படி ஒரு மன்றம் கிடையாது.

[திரையில்: தேசிய பசுமைத் தீர்ப்பாயம், சென்னை]

டெல்டாக்காரர்களுக்கு இப்போது பக்கத்தில் இருப்பது சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும், சென்னையில் உள்ள தென்மண்டல பசுமைத் தீர்ப்பாயம். இங்கே கம்பெனியை நேரடியாக எதிர்மனுதாரராகச் சேர்க்கலாம். பொதுவான சுற்றுச்சூழல் புகாருக்கு ஆறு மாதம் கெடு, இழப்பீடு கேட்க ஐந்து வருடம். கிணற்றுத் தண்ணீர் கரிக்க ஆரம்பித்த தேதியை எழுதி வையுங்கள். தண்ணீரைப் பரிசோதித்து அறிக்கை வாங்குங்கள்.