பக்கத்து மெஷினில் இருப்பவரும் பேச வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம். வேலை பார்க்கும் இடத்தில் நடக்கும் அதட்டல், மிரட்டல், அவமானப்படுத்துவது பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஆயத்த ஆடை ஆலைகளை வைத்தே பேசுகிறேன், ஏனென்றால் அங்கே இது அத்தனை பேர் பார்க்க, பட்டப்பகலில் நடக்கிறது.

ஒரு லைனில் ஒருவர் காலர் வைப்பார், அடுத்தவர் கை மூட்டுவார், துணி கைமாறிப் போய்க்கொண்டே இருக்கும். மணிக்கு இத்தனை பீஸ் என்று கணக்கு. ஒரு மெஷினில் துணி தேங்கினால் போதும், சூப்பர்வைசர் வந்து நிற்பார். "இங்க தூங்கவா வந்த?" என்று ஆரம்பித்து, வீட்டை இழுத்து, சாதியை இழுத்து, தைத்த பீஸை முகத்தில் விட்டெறிவது வரைக்கும் போகும். பாத்ரூம் போய் வந்தால் எத்தனை நிமிஷம் ஆச்சு என்று லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்பார். அவரையும் மேலே ஒருவர் டார்கெட் கேட்டுக் கத்தியிருப்பார், அது உண்மைதான். ஆனால் அது காரணமே தவிர நியாயம் ஆகாது.

அந்த நேரத்தில் சுற்றியிருப்பவர்கள் தலை குனிந்து தைத்துக்கொண்டே இருப்பார்கள், நிமிர்ந்தால் அடுத்த திட்டு தனக்குத்தான் என்ற பயம். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் திட்டுகிறவருக்குத் தெம்பு கொடுப்பது அந்த மௌனம்தான்.

2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கம் ஆலையில் வேலை பார்த்த ஓர் இளம்பெண் கொல்லப்பட்டார், அவருடைய சூப்பர்வைசர் கைதானார். பெண்கள் முன்னின்று நடத்தும் ஒரு தொழிற்சங்கம் விடாமல் போராடி, ஆலைக்குள் நடக்கும் தொல்லையைத் தடுக்க 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. ஆலை நிர்வாகம் மட்டுமல்ல, துணி வாங்கும் எச் அண்ட் எம் போன்ற வெளிநாட்டு நிறுவனங்களும் கையெழுத்துப் போட்டன, அதனால் ஆலை வாக்கு மீறினால் ஆர்டரில் கை வைக்கலாம். எனக்கு இதில் பிடித்தது வேறு: தொழிலாளர்களிலேயே சிலருக்குப் பயிற்சி கொடுத்து, தளத்தில் நடப்பதைக் கவனித்துப் புகார் கொண்டுபோகும் பொறுப்பைக் கொடுத்தார்கள். திட்டு வாங்கியவர் தனியாக அலைய வேண்டியதில்லை, புகார் சொன்னவரைப் பழிவாங்கவும் கூடாது.

சரி, எங்கள் இடத்தில் அப்படி ஒப்பந்தம் இல்லையே என்பீர்கள். பாலியல் தொல்லை என்றால் 2013 சட்டம் இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார் குழு இருந்தே ஆக வேண்டும், அதற்குக் குறைவாக இருந்தால் மாவட்ட அளவில் உள்ள குழுவிடம் போகலாம். பொதுவாக மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். பட்டியல் சாதியினரை, பழங்குடியினரை மற்ற சாதிக்காரர் பலர் முன்னால் சாதி சொல்லித் திட்டினால் அது 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். மற்ற அதட்டலுக்கும் அவமானத்துக்கும் இந்தியாவில் தனிச் சட்டமே கிடையாது. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2019-இல் எல்லா வகைத் தொல்லைக்கும் சேர்த்து 190-ஆம் உடன்படிக்கை கொண்டுவந்தது, நம் அரசு இன்னும் ஏற்கவில்லை. ஏற்கத்தான் வேண்டும்.

அதுவரை குறிப்பு எழுதுங்கள். வீட்டுக்குப் போனதும், அன்றைக்கே: தேதி, நேரம், எந்த லைன், சொன்ன வார்த்தை அப்படியே, பக்கத்தில் யார் இருந்தார்கள். கெட்ட வார்த்தை என்று கூசி மாற்றி எழுத வேண்டாம். பக்கத்து மெஷினில் இருந்தவரா நீங்கள்? நீங்களும் ஒரு குறிப்பு எழுதி, "நானும் கேட்டேன், கூட வர்றேன்" என்று திட்டு வாங்கியவரிடம் இன்று சாயங்காலமே சொல்லிவிடுங்கள்.