சிட்னி துறைமுகப் பாலத்தைத் தாங்குவது எது?

[காட்சி: நீலக் கடல், இரும்பு வளைவு, இரு கரையிலும் கல் கோபுரங்கள்]

வணக்கம். இந்தப் படத்தைப் பார்த்ததும் கரையில் நிற்கும் கோபுரங்கள்தான் வளைவைத் தாங்குகின்றன என்று தோன்றும். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் 89 மீட்டர் உயரமுள்ள அந்தக் கோபுரங்கள் அழகுக்காக எழுப்பியவை. வளைவின் பாரம் முழுவதும் அதன் அடியில் உள்ள நான்கு பெரிய கீல்களில்தான் இறங்குகிறது.

[காட்சி: கறுப்பு வெள்ளைப் படம், அந்தரத்தில் நீளும் இரண்டு பாதிகள்]

வேலை 1923-இல் தொடங்கியது. பாலம் வரவேண்டும் என்று பல வருடம் போராடியவர் பொறியாளர் ஜான் பிராட்ஃபீல்ட். கட்டியது இங்கிலாந்தின் டோர்மன் லாங் நிறுவனம். வழியில் இருந்த நூற்றுக்கணக்கான வீடுகளை இடித்தார்கள். வாடகைக்கு இருந்த குடும்பங்களுக்கு ஈடாக எதுவும் கிடைக்கவில்லை.

கீழே ஆழமான தண்ணீர், ஓயாத கப்பல் போக்குவரத்து. நடுவில் கால் ஊன்ற வழியில்லை. அதனால் இரு கரையிலிருந்தும் பாதிப் பாதியாக வளைவை நீட்டிக்கொண்டே வந்தார்கள். முன்னால் சாய்ந்து விழாமல் ஒவ்வொரு பாதியையும் 128 எஃகு வடங்கள் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தன. பாறையில் குடைந்த சுரங்கத்துக்குள் அந்த வடங்களைக் கட்டியிருந்தார்கள்.

1930 ஆகஸ்ட். நடுவில் மிச்சம் ஏறத்தாழ ஒரு மீட்டர் இடைவெளி. இரவு பகலாக வடங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார்கள். 19-ஆம் தேதி இரவு பத்து மணிக்கு இரண்டு முனைகளும் தொட்டுக்கொண்டன.

[காட்சி: ஒரு ரிவெட்டின் தலை, மிக அருகில்]

சரி, இந்த உருண்டைத் தலையைக் கொஞ்சம் பாருங்கள். இதுதான் ரிவெட், இரும்புத் துண்டுகளை இறுக்கிச் சேர்க்கும் ஆணி. ஒருவர் சின்ன உலையில் ரிவெட்டைச் சிவக்கக் காய்ச்சுவார். இடுக்கியால் எடுத்து வீசுவார். அடுத்தவர் வாளியில் பிடிப்பார். துளையில் செருகியதும் ஒருவர் ஒரு பக்கம் அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் காற்றுச் சுத்தியலால் மறுபக்கத்தை நசுக்குவார். கீழே கடல். இடுப்பில் கயிறு கிடையாது. இப்படி அடித்தவை சுமார் 60 லட்சம் ரிவெட்டுகள். வேலையில் உயிர் விட்டவர்கள் 16 பேர். இந்த எண்ணைச் சொல்லாமல் பாலத்தின் அழகைப் பேச எனக்கு மனம் வரவில்லை.

[காட்சி: வரிசையாக நீராவி இரயில் எஞ்சின்கள்]

திறப்பதற்கு முன் 96 எஞ்சின்களை மேலே ஏற்றிச் சோதித்தார்கள். 1932 மார்ச் 19 அன்று பாலம் திறந்தது. பாலம் கட்ட வாங்கிய கடன் அடைந்து முடிய 1988 ஆனது.

[காட்சி: பாலத்தின் அடியில் ஒரு கீல், நடுப்பகல் வெயில்]

அப்புறம் அந்தக் கீல்கள். வெயில் ஏறினால் இரும்பு விரியும், வளைவின் உச்சி 18 சென்டிமீட்டர் வரை உயரும். கீல்கள் லேசாகத் திரும்பி அதற்கு இடம் கொடுக்கும். சாயங்காலம் குளிர்ந்ததும் வளைவு பழையபடி இறங்கிவிடும்.