இறால் ஓட்டிலிருந்து குளுக்கோசமைன்

நேயர்களுக்கு வணக்கம். மூட்டு வலிக்கென்று விற்கும் குளுக்கோசமைன் மாத்திரை பெரும்பாலும் இறால், நண்டு ஓடுகளிலிருந்துதான் பிறக்கிறது. 1876இல் லெடர்ஹோஸ் என்ற ஜெர்மானியர், ஓட்டுக்கு உறுதி தரும் சர்க்கரைச் சங்கிலியான கைட்டினை அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் காய்ச்சி இதை முதன்முதலில் பிரித்தெடுத்தார். இன்றும் ஆலைகளில் நடப்பது அதே வேதிவினைதான்.

ஓட்டில் கைட்டினோடு கால்சியம் கார்பனேட்டும் புரதமும் பின்னிக் கிடக்கின்றன. முதலில் ஏறக்குறைய 4 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்பைக் கரைக்க வேண்டும். கரியமில வாயு நுரைத்துப் பொங்கும். அமிலத்தைச் சிறுகச் சிறுக விடாவிட்டால் தொட்டி வழிந்துவிடும். அடுத்து அதே செறிவில் காஸ்டிக் சோடா, 80 முதல் 90 டிகிரி செல்சியஸில். இதில் புரதம் கழன்றுவிடும். ஒவ்வொரு முறையும் கழுவிய நீர் நடுநிலைக்கு வரும்வரை அலச வேண்டும்.

இந்த அலசலில் அவசரப்படுவதைத்தான் நான் பெரிய தவறு என்பேன். மிஞ்சிய சுண்ணாம்பு அடர் அமிலத்தைத் தின்றுவிடும். அதிலிருந்து வரும் கால்சியம் குளோரைடு ஈரத்தை இழுத்துப் பொடியைக் கட்டியாக்கும். மிஞ்சிய புரதமோ நிறத்தைக் கெடுக்கும்.

பிறகு 36 சதவீத அமிலத்தில், 90 டிகிரியை ஒட்டி, ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். கைட்டின் சங்கிலி அறுவதும், அதன் கண்ணிகளில் ஒட்டியுள்ள அசிட்டைல் என்ற அணுக்கூட்டம் கழல்வதும் சேர்ந்தே நடக்கும். நேரம் கூடினால் சர்க்கரை கருகிக் கரும்பிசினாகும். குறைந்தால் அறுபடாத துண்டுகள் தங்கிவிடும். கலன் கண்ணாடிப் பூச்சுள்ளதாக இருக்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகைக்கூட இந்த அமிலம் அரித்துவிடும். கரைசலைக் கரித்தூளால் வெளுத்து, வடிகட்டி, வெற்றிடத்தில் வற்றவைத்து, படிகத்தைக் குளிர்ந்த எத்தனாலில் கழுவுவார்கள். 100 கிலோ கைட்டினுக்குக் கணக்குப்படி 106 கிலோ குளுக்கோசமைன் ஹைட்ரோகுளோரைடு உப்பு வரவேண்டும். சிதைவிலும், படிகம் பிரிந்தபின் மிஞ்சும் தாய்க்கரைசலிலும் கணிசமான பங்கு போய்விடும்.

ஓடே இல்லாமலும் செய்யலாம். மரபணு மாற்றிய ஈ.கோலை என்ற பாக்டீரியாவைக் குளுக்கோசில் வளர்க்கிறார்கள். குளுக்கோசமைன் நொதிக்கரைசலில் சிதையும், பாக்டீரியாவின் வளர்ச்சியையும் தடுக்கும். அதனால் அசிட்டைல் ஒட்டிய என்-அசிட்டைல் வடிவத்தைச் சுரக்கச்செய்து, பின்னர் அமிலத்தால் அசிட்டைலை நீக்குகிறார்கள். சைவ மாத்திரைக்கு இந்த வழி உதவும். என்-அசிட்டைல் வடிவம் அப்படியே சருமப் பூச்சுகளிலும் சேர்கிறது. செல்லப் பிராணிகளுக்கான துணை உணவுகளில் குளுக்கோசமைன் உப்புகள் சேர்கின்றன.

மாத்திரை வாங்குவோர் உப்பின் பெயரைப் பாருங்கள். ஹைட்ரோகுளோரைடில் 83 சதவீதம் குளுக்கோசமைன். பொட்டாசியம் குளோரைடு சேர்த்து நிலைப்படுத்திய சல்ஃபேட்டில் 59 சதவீதமே. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. ரத்தக்கசிவு அபாயம் கூடலாம்.