எந்த எஸ்ஏடி ஸ்கோரை அனுப்புறது, எதை வச்சுக்கிறது?

[திரையில்: ஆகஸ்ட், அக்டோபர், டிசம்பர் என மூன்று ஸ்கோர் தாள்கள்]

அமெரிக்கக் காலேஜ்ல சேர எழுதுற எஸ்ஏடி தேர்வை மூணு தடவை எழுதியாச்சு. மூணும் மூணு விதமா வந்திருக்கு. இதுல எதை அனுப்புறது? இல்ல, ஒண்ணையுமே அனுப்பாம விட்டுறலாமா? காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கம் பிளஸ் டூ படிச்சுக்கிட்டே அமெரிக்கக் காலேஜுக்கு விண்ணப்பம் போடுற பிள்ளைகளுக்கான வீடியோ இது. பெத்தவங்களும் கூட உட்கார்ந்து பாருங்க. பணம் கட்டப்போறது நீங்கதானே.

இந்தக் கேள்விக்கு நம்ம வீடுகள்ல ஒரு பதில் ஏற்கெனவே வந்து இறங்கியிருக்கும். நியூஜெர்சியில இருக்கிற அத்தை மகன் வாட்ஸ்அப்ல சொல்லியிருப்பார்: "1500க்குக் கீழ இருந்தா அனுப்பாதே." அங்கே பெரிய பள்ளிக்கூடத்துல படிக்கிற அவர் பிள்ளைக்கு அது சரியா இருக்கலாம். பள்ளத்தூர்ல இருந்து விண்ணப்பிக்கிற பிள்ளைக்கு அது பல நேரம் தப்பான யோசனைன்னுதான் நான் சொல்வேன். ஏன்னு காட்டுறேன்.

அடிப்படையை வேகமா முடிச்சிருவோம். எஸ்ஏடி 1600க்கு. வாசிப்பும் எழுத்தும் சேர்ந்து 800, கணக்கு 800. முழுக்கக் கம்ப்யூட்டர்ல, 2 மணி 14 நிமிஷம். எஸ்ஏடிக்குப் பதிலா எழுதக்கூடிய ஏசிடி தேர்வு 36க்கு. அவ்வளவுதான்.

[திரையில்: கல்லூரிப் பெயர்கள் ஒவ்வொன்றாக வருகின்றன]

உங்க ஸ்கோர் தாளை மூடி வைங்க. முதல்ல பார்க்க வேண்டியது காலேஜோட விதி. அது எல்லா இடத்திலயும் ஒண்ணா இல்ல.

கொரோனா வந்தப்போ பெரும்பாலான காலேஜ்கள் "ஸ்கோர் இஷ்டம்தான்"னு சொல்லிட்டாங்க. அதுல பலபேர் இப்ப திரும்பிட்டாங்க. எம்ஐடி 2022லயே கட்டாயம் ஆக்கிருச்சு. 2024ல டார்ட்மத், பிரவுன், ஹார்வர்ட், கால்டெக் வரிசையா வந்துட்டாங்க. யேல் எஸ்ஏடி, ஏசிடி, இல்ல வேற பாடத்திட்டத்துத் தேர்வுகளான ஏபி, ஐபி, இந்த நாலுல ஏதாவது ஒண்ணு வேணும்னு கேட்குது. நம்ம ஸ்டேட் போர்டுப் பிள்ளைகள்ட்ட ஏபியும் ஐபியும் இருக்காதுங்கிறதால, யேலுக்கு எஸ்ஏடியோ ஏசிடியோ எழுதித்தான் ஆகணும். கொலம்பியா இஷ்டம்போலதான்னு 2023ல நிரந்தரமா அறிவிச்சது.

அப்புறம் கலிஃபோர்னியாவோட யூசி பல்கலைக்கழகங்கள், அதாவது பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ எல்லாம். அங்கே சேர்க்கைக்கு ஸ்கோரைப் பார்க்கிறதே இல்ல. 1600 எடுத்திருந்தாலும் பார்க்க மாட்டாங்க. இது தெரியாம யூசிக்கும் காசு கட்டி ஸ்கோர் அனுப்புறவங்க உண்டு. அந்தக் காசுல பிள்ளைக்கு நல்ல செருப்பு வாங்கிக் குடுக்கலாம்.

விதி வருஷா வருஷம் மாறுது. அதனால இந்த வீடியோவை நம்பாதீங்க, என்னையும் நம்பாதீங்க. நீங்க விண்ணப்பிக்கிற வருஷத்துக்கு அந்தக் காலேஜோட அட்மிஷன் பக்கத்துல என்ன போட்டிருக்குன்னு நீங்களே படிங்க.

[திரையில்: அட்டவணை. ஆகஸ்ட்: வாசிப்பு 640, கணக்கு 760. அக்டோபர்: 700, 720. டிசம்பர்: 650, 700]

இப்ப ஸ்கோரைத் திறங்க. தேவகோட்டையில ஒரு பொண்ணு மூணு தடவை எழுதியிருக்குன்னு வச்சுக்குவோம். ஆகஸ்ட்ல 1400, அக்டோபர்ல 1420, டிசம்பர்ல 1350. பார்த்த உடனே "அக்டோபரை அனுப்பு, மத்ததை விடு"ன்னுதான் தோணும்.

அவசரப்படாதீங்க. ஆகஸ்ட்ல கணக்கு 760. அக்டோபர்ல வாசிப்பு 700. நிறையக் காலேஜ் ஒவ்வொரு பகுதியிலயும் உங்க உயர்ந்த மார்க்கை எடுத்து, சேர்த்துப் பார்க்கும். சூப்பர் ஸ்கோர்னு பேரு. அப்படிப் பார்த்தா 700ம் 760ம் சேர்ந்து 1460. அக்டோபரை மட்டும் அனுப்பியிருந்தா 40 பாயின்ட் கையை விட்டுப் போயிருக்கும். ஆக ஆகஸ்ட், அக்டோபர் ரெண்டும் போகணும். டிசம்பர் ரெண்டு பகுதியிலயும் அந்த உயர்ந்த மார்க்கைத் தாண்டல, அது வீட்டிலயே இருக்கட்டும்.

இப்படித் தேதியைத் தேர்ந்தெடுத்து அனுப்புற வசதிக்கு ஸ்கோர் சாய்ஸ்னு பேரு. ஆனா தேதியைத்தான் தேர்ந்தெடுக்கலாம், பகுதியை இல்ல. ஆகஸ்ட் கணக்கை மட்டும் பிச்சு எடுத்து அனுப்ப முடியாது. ஆகஸ்ட் போனா அந்த 640ம் கூடவே போகும். பயப்பட ஒண்ணுமில்ல. சூப்பர் ஸ்கோர் பார்க்கிறோம்னு எழுதியே போட்டிருக்கிற காலேஜ், உயர்ந்ததைத்தான் கணக்குல எடுக்கும்.

நம்ம பக்கத்துக் கல்யாணத்துல சாமானைப் பரப்பி வைக்கிற மாதிரி, எழுதின அத்தனையையும் விரிச்சு வைன்னு கேட்கிற காலேஜும் சிலது உண்டு. ஜார்ஜ்டவுன் நீண்ட காலமா அப்படித்தான். அந்த மாதிரி இடத்துக்கு டிசம்பரும் சேர்ந்தே போகணும். மறைச்சா என்னன்னு சிலபேர் கேட்கிறாங்க. விண்ணப்பத்துல நான் சொன்னதெல்லாம் உண்மைன்னு கையெழுத்துப் போடுறோம். 1350க்காக அந்தக் கையெழுத்தைப் பொய் ஆக்க வேண்டாம்.

[திரையில்: ஒரு கோடு, அதில் 25, 75 என இரண்டு குறிகள்]

அடுத்தது இஷ்டம்போல அனுப்பலாம்ங்கிற காலேஜ். குழப்பம் முழுக்க இங்கேதான். கொஞ்சம் நிதானமாப் போவோம்.

அமெரிக்கக் காலேஜ்கள் நிறைய, காமன் டேட்டா செட்ங்கிற ஒரு படிவத்தை வருஷா வருஷம் வெளியிடும். காலேஜ் பேரோட சேர்த்து இணையத்துல தேடினாக் கிடைக்கும். அதுல சி9ங்கிற பகுதிக்குப் போங்க. சேர்ந்த மாணவர்களோட ஸ்கோர் 25ஆவது, 75ஆவது சதமானத்துல எவ்வளவுன்னு இருக்கும். உதாரணத்துக்கு 1430, 1540னு போட்டிருந்தா, ஸ்கோர் குடுத்துச் சேர்ந்தவங்கள்ல கால்வாசிப் பேர் 1430ஓ அதுக்குக் கீழேயோ வாங்கினவங்க. கால்வாசிப் பேர் 1540ஓ அதுக்கு மேலேயோ.

நம்ம ஆளுங்க இந்த 1430ஐ கட்-ஆஃப்னு நினைச்சுக்கிறாங்க. அண்ணா யுனிவர்சிட்டி கவுன்சிலிங் பழக்கம் அது. கட்-ஆஃப் இல்லவே இல்ல இது. அதுக்குக் கீழ கால்வாசிப் பேர் உள்ளே உட்கார்ந்திருக்காங்க.

இன்னொரு விஷயம், இதை யாரும் கவனிக்கிறதில்ல. அதே சி9ல, எத்தனை சதவீதம் பேர் ஸ்கோர் குடுத்தாங்கன்னும் போட்டிருக்கும். இஷ்டம்போலன்னு வச்ச இடத்துல யார் குடுப்பாங்க? நல்லா வாங்கினவங்க குடுப்பாங்க, மத்தவங்க குடுக்க மாட்டாங்க. அதனால அந்த 1430ங்கிற எண்ணே ஏறிப்போன எண். அடுத்த வருஷம் அதைப் பார்த்து 1420 வாங்கினவர் பயந்து நிறுத்திக்குவார். எண் இன்னும் ஏறும். குடுத்தவங்க சதவீதம் குறைவா இருக்கிற காலேஜ்ல, அந்த ரெண்டு எண்ணையும் கொஞ்சம் கீழே இறக்கியே படிக்கணும்.

டார்ட்மத் 2024 பிப்ரவரியில எஸ்ஏடியைத் திரும்பக் கொண்டுவந்தப்போ இதைத்தான் காரணமாச் சொன்னாங்க. அவங்க பேராசிரியர்களே செஞ்ச ஆய்வு: வசதி குறைஞ்ச பின்னணியில இருந்து வந்த பிள்ளைகள் சிலபேர், 1400ஐ ஒட்டின ஸ்கோரைக் குறைவுன்னு நினைச்சுக் குடுக்காம விட்டிருக்காங்க. குடுத்திருந்தா அவங்களுக்கு அது உதவியிருக்கும். ஏன்னா ஸ்கோரைத் தனியா வச்சுப் படிக்கிறதில்ல, எந்தப் பள்ளிக்கூடத்துல இருந்து வந்ததுன்னு சேர்த்துத்தான் படிக்கிறாங்க.

அந்த ஆய்வு அமெரிக்கப் பள்ளிக்கூடங்களை வச்சுப் பேசுது. ஆனா காரணம் நமக்கும் பொருந்தும். யோசிச்சுப் பாருங்க. பிளஸ் டூ ரிசல்ட் மே மாசம் வரும். விண்ணப்பம் பல காலேஜுக்கு ஜனவரி முதல் வாரத்துல முடிஞ்சிரும், முன்கூட்டிய சுற்றுக்கு நவம்பர் 1. அப்ப உங்க கையில இருக்கிறது பத்தாம் வகுப்பு மார்க், பிளஸ் ஒன் மார்க், காலாண்டு, அரையாண்டு. கானாடுகாத்தான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தோட அரையாண்டு 560ஐ பாஸ்டன்ல உட்கார்ந்திருக்கிறவர் எப்படி எடை போடுவார்? அந்தப் பள்ளிக்கூடத்துல இருந்து அவருக்கு இதுக்கு முன்னாடி ஒரு விண்ணப்பம்கூட வந்திருக்காது. அவருக்குப் புரியற ஒரே பொதுவான எண் எஸ்ஏடிதான்.

அதனால என் கணக்கு இது. 25ஆவது எண்ணுக்கு மேல இருந்தா யோசிக்கவே வேண்டாம், அனுப்புங்க. அதுக்கு முப்பது நாப்பது பாயின்ட் கீழே, ஆனா உங்க பள்ளிக்கூடத்துல வேற யாரும் எஸ்ஏடி எழுதினதே இல்லன்னா, அப்பவும் அனுப்புங்க. ஸ்கோர் தாள்லயே, எஸ்ஏடியை நடத்துற காலேஜ் போர்டு உங்க மார்க்குக்கு முன்னப்பின்ன ஒரு வீச்சு குடுத்திருக்கும், அதனால முப்பது பாயின்ட் வித்தியாசத்துக்காக ஒரு பெரிய சண்டை வேண்டாம். நூறு, நூத்தம்பது கீழேன்னா அந்தக் காலேஜுக்கு மட்டும் அனுப்பாம விடலாம். அடுத்த காலேஜுக்கு அதே ஸ்கோர் நல்லாப் போகலாம். எல்லாத்துக்கும் ஒரே முடிவு எடுக்காதீங்க.

தலைமையாசிரியர் குடுக்கிற ஸ்கூல் ரிப்போர்ட்ல, இந்தப் பள்ளிக்கூடத்துல எத்தனை பேர் இருக்காங்க, எஸ்ஏடி பயிற்சி இங்கே கிடைக்காதுங்கிறதை ரெண்டு வரி எழுதச் சொல்லுங்க. கேட்கக் கூச்சப்படாதீங்க.

[திரையில்: "4 இலவசம்" என்ற எழுத்து]

காசு விஷயம். எஸ்ஏடிக்குப் பதிவு பண்ணினா நாலு காலேஜுக்கு ஸ்கோரை இலவசமா அனுப்பலாம். தேர்வு முடிஞ்ச ஒன்பது நாளுக்குள்ள காலேஜ் பேரைக் குடுத்திரணும். ரிசல்ட் வர்றதுக்கு ஏறக்குறைய ரெண்டு வாரம். புரியுதா? மார்க் என்னன்னு தெரியாமலே அனுப்புறோம். அதுக்கப்புறம் அனுப்பினா ஒவ்வொரு காலேஜுக்கும் டாலர்ல காசு. கட்டணச் சலுகை அமெரிக்காவுல படிக்கிற பிள்ளைகளை நினைச்சு வச்சது, அதை நம்பி இருக்காதீங்க.

இலவசம்னு சும்மா அள்ளிப்போடாதீங்க. எல்லா ஸ்கோரும் வேணும்னு கேட்கிற காலேஜ் உங்க பட்டியல்ல இருந்தா, அதுக்கு எப்படியும் அனுப்பித்தான் ஆகணும், அந்த இடத்தை அதுக்குக் குடுங்க. இஷ்டம்போலன்னு சொல்ற காலேஜுக்கு மார்க்கைப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. இன்னொண்ணு: எம்ஐடி, யேல் மாதிரி நிறைய இடங்கள்ல விண்ணப்பத்துல நீங்களே மார்க்கை எழுதினாப் போதும். சேர்க்கை கிடைச்சு, சேரப்போறீங்கன்னாத்தான் அதிகாரப்பூர்வ ரிப்போர்ட். பத்துக் காலேஜுக்கு விண்ணப்பிக்கிற வீட்டுக்கு இது பெரிய மிச்சம்.

ஏசிடியும் எழுதியிருந்தா? ரெண்டையும் ஒப்பிடுற அட்டவணை ஒண்ணு 2018ல வந்தது. அதுல ஏசிடி 31ங்கிறது எஸ்ஏடி 1390ல இருந்து 1410 வரைக்கும். எது மேலயோ அதை அனுப்புங்க. எஸ்ஏடி கணக்கையும் ஏசிடி இங்கிலீஷையும் ஒட்டவைக்க மாட்டாங்க.

காரைக்குடி அழகப்பா செட்டியார் பொறியியல் கல்லூரி, செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) அண்ணன்மார், அக்காமாருக்கு ஒரு வரி: மேற்படிப்புக்கு எழுதுற ஜிஆர்இ தேர்விலயும் தேதியைத் தேர்ந்தெடுக்கலாம், அஞ்சு வருஷம் செல்லும். தேர்வு மையத்துல எழுதினா மார்க்கைத் திரையில பார்த்த பிறகுதான் இலவச நாலைத் தேர்ந்தெடுக்கிறீங்க. எஸ்ஏடி பிள்ளைகளுக்கு இந்தக் கொடுப்பினை இல்ல.

[திரையில்: பாஸ்போர்ட்டின் பெயர்ப் பக்கம், விவரங்கள் மறைக்கப்பட்டவை]

பேர். நம்ம பக்கத்துல இதுதான் பெரிய தலைவலி. பேருக்கு முன்னாடி அப்பா, ஐயா, பெரிய ஐயான்னு மூணு தலைமுறை இனிஷியல் நிக்கும். காலேஜ் போர்டு கணக்குல ஒரு மாதிரி, பல காலேஜுக்கும் ஒரே இடத்துல விண்ணப்பம் போடுற காமன் ஆப் தளத்துல ஒரு மாதிரி, பாஸ்போர்ட்ல இன்னொரு மாதிரி இருந்தா, நீங்க அனுப்பின ஸ்கோர் அங்கே போய்ச் சேர்ந்தும் உங்க விண்ணப்பத்தோட சேராம நிக்கும். முதல் தடவை பதிவு பண்ணும்போதே பாஸ்போர்ட்ல இருக்கிறபடி எல்லா இடத்திலயும் குடுங்க. பிறந்த தேதியும் அப்படியே.

விண்ணப்பம் போட்ட பிறகு மனசு மாறினா என்ன பண்றது? ஸ்கோரோட பார்க்கணுமா, இல்லாமப் பார்க்கணுமாங்கிறதை ஒரு குறிப்பிட்ட தேதி வரைக்கும் மாத்திக்க விடுற காலேஜ் உண்டு. விண்ணப்பம் போட்டதும் அவங்க குடுக்கிற போர்ட்டல்ல உள்நுழைஞ்சு அந்த வசதி இருக்கான்னு பாருங்க. இல்லன்னா அட்மிஷன் ஆபீசுக்கு ஒரு மெயில். அதைப் பிள்ளையே எழுதட்டும், அப்பா பேர்ல போகவேண்டாம்.